கெடிலத்தைத் தாண்டும் வட்டங்கள்: பள்ளி எல்லை வரைய கியூஜிஐஎஸ்

புதுவையின் பாகூரில் ஆசிரியராக இருக்கும் நண்பர், பள்ளிகளுக்கு எல்லை வரைய, அதாவது எந்தக் குடியிருப்பு எந்தப் பள்ளிக்கு என்று குறிக்க, கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் போதுமா என்று கேட்டார். கடலூர்ப் பகுதிக்கு ஆண்டுக்கணக்கில் இதைத்தான் பயன்படுத்துகிறேன். காசு கேட்காது, பழைய மடிக்கணினியிலும் ஓடும் என்பதெல்லாம் அவருக்கே தெரியும்.

என் கோபம் வேறு இடத்தில். தொடக்கப் பள்ளி 1 கி.மீ.க்குள், நடுநிலைப் பள்ளி 3 கி.மீ.க்குள் என்கின்றன கல்வி உரிமைச் சட்டத்தின் தமிழ்நாட்டு விதிகள். உடனே பள்ளியை நடுவில் வைத்து, நேர்க்கோட்டுத் தூரத்தில் 'பஃபர்' என்ற வட்டம் போட்டுவிடுகிறார்கள். தேவனாம்பட்டினம் பக்கம் போட்டுப் பாருங்கள். வட்டம் கெடிலம் ஆற்றைத் தாண்டி அக்கரையையும் வளைத்துக்கொள்ளும். ஆறு வயதுப் பிள்ளை பாலம் சுற்றித்தானே வர வேண்டும்?

மருந்தும் இந்த மென்பொருளிலேயே இருக்கிறது. 'சர்வீஸ் ஏரியா' என்ற கருவி சாலை வழியாகவே தூரத்தை அளக்கும். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் சாலைகளைக் கொடுத்து ஓட்டினேன். ஒரு குடியிருப்பு முழுவதும் விடுபட்டது. பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு தெருக்களின் முனைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி. எவ்வளவு இடைவெளி வரை தெருக்கள் இணைந்ததாகக் கொள்ளலாம் என்ற 'டாலரன்ஸ்' அளவு, நாம் மாற்றாவிட்டால் 0 என்றே வரும். அதை 1 மீட்டர் ஆக்கியதும் தெருக்கள் கூடிவிட்டன.

நான் எதிர்பாராத மகிழ்ச்சி மழைக்காலப் படம். ஐப்பசி, கார்த்திகையில் மூழ்கும் தரைப்பாலத்தின் கோட்டை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினால், எந்தக் குடியிருப்புக்கு அந்த மாதங்களில் பள்ளி எட்டாமல் போகிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. எத்தனை மனு எழுதினாலும் புரியவைக்க முடியாததை அந்த ஒரு படம் புரியவைத்தது. இதற்காகவே இந்த மென்பொருளைத் தலையில் வைத்துக் கொண்டாடுவேன்.

ஆனால் 'சர்வீஸ் ஏரியா' தருவது வெறும் சாலைக் கோடுகள். அலுவலகங்கள் கேட்பதோ வண்ணம் தீட்டிய பரப்பு. கோடுகளைச் சுற்றி, ரப்பர் வளையம் மாட்டியதுபோல் வெளிமுனைகளை இழுத்துக் கட்டும் 'கான்வெக்ஸ் ஹல்' போட்டால் வளைவுகள் எல்லாம் நிமிர்ந்து, பாடுபட்டு வெளியே தள்ளிய அக்கரை திரும்பவும் உள்ளே வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் இதே எரிச்சல். இப்போது பரப்பையே கைவிட்டு, ஒவ்வொரு குடியிருப்புக்கும் நெருங்கிய பள்ளி எது, சாலைத் தூரம் எவ்வளவு என்று அட்டவணையாகக் கொடுக்கிறேன்.

பாகூர்ப் பக்கம் சிக்கல் இன்னும் ஒரு படி மேல். தமிழ்நாட்டு ஊரும் புதுவை ஊரும் பின்னிக் கிடக்கும் மண் அது. அருகிலிருக்கும் பள்ளி, சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்ட புதுவை அரசுப் பள்ளியாக இருக்கலாம். பள்ளிகளை மாநில வாரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சாலைகளை மட்டும் எல்லையில் வெட்டிவிடாதீர்கள். அடுத்த மாநிலத்துக்குள் நுழைந்து திரும்பும் வழியும் பிள்ளை நடக்கும் வழிதான்.

பரிந்துரைப்பேனா என்றால், இன்றைய மனநிலையில் மாட்டேன். தூரம் அளக்க இதைவிட நல்ல துணை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் எல்லை வரைய இதைத் திறக்காதீர்கள்.