மணி அடிக்காத கற்றல் மையம், சுங்கை சிப்புட், மலேசியா

கடைவீதி மேல்மாடியில் இருக்கும் இந்த மையத்தை டியூஷன் என்று நினைத்து அனுப்பாதீர்கள். வகுப்பு, பயிற்சித்தாள் எதுவும் கிடையாது. பிள்ளை பிடித்ததை எடுத்துச் செய்யும், பிள்ளை கேட்டால்தான் நடத்துகிற அண்ணன் உதவுவார். என் மகன் பழைய மேசை விசிறி ஒன்றைப் பிரித்துப் போட்டு, கையால் தள்ளினால் மட்டும் சுற்றுவது கப்பாசிட்டர் கோளாறு என்று கண்டுபிடித்து, புதியது மாட்டி, அது எப்படி வேலை செய்கிறது என்று அவனே தேடிப் படித்தான். பள்ளி அறிவியல் பாடத்தில் கொட்டாவி விடுகிறவன்! அங்கே எல்லாரையும் ஒரே வேகத்தில் இழுக்கிறார்கள், வேறென்ன செய்வான்.

தொடக்கப் பள்ளி முடிவில் வரும் யூபிஎஸ்ஆர் தேர்வு 2021-இலும் இடைநிலைப் பள்ளி பிடி3 தேர்வு 2022-இலும் ஒழிந்தும் நமக்குத்தான் பரீட்சைப் பயம் விடவில்லை, "இன்னிக்கு என்ன படிச்ச?" என்று நச்சரிக்கத் தோன்றும், சும்மா இருங்கள். ஆனால் 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம், அதனால் இது பள்ளி விட்டபின் மட்டும்தான்.

வெட்கப்படும் பிள்ளை மூலையில் கைப்பேசியோடு உட்கார்ந்தால் யாரும் கண்டுகொள்வதில்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. இடைநிலைப் பள்ளி முடிவில் எஸ்பிஎம் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இது மட்டும் போதாது. மாதம் 60 ரிங்கிட், தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பாதி. அப்புறம், வேன் கிடையாது.