செத்த பிறகு எங்கே? ஏஞ்சல் பீட்ஸ், ஹைபானே ரென்மேய், டெத் பரேட்: ஓர் ஒப்பீட்டு அலசல்

செத்தவர்களின் உலகில் நடக்கும் கதைக்குள் நுழைவது பெரிய காரியமில்லை, செத்தால் போதும். அங்கிருந்து வெளியேற என்ன வழி என்பதில்தான் அந்தக் கதையின் உயிர் இருக்கிறது. வெளியேறும் விதியைக் கதாசிரியர் எவ்வளவு கறாராக வைத்திருக்கிறார், கடைசி எபிசோடில் தானே அதை மீறிவிடுகிறாரா என்று கவனித்தால் தொடரின் தரம் பாதி தெரிந்துவிடும்.

இந்த வகை ஜப்பானிய அனிமே தொடர்களில் முதலில் அடிபடும் பெயர் 2010-இல் வந்த ஏஞ்சல் பீட்ஸ். பி.ஏ. வொர்க்ஸ் தயாரிப்பு, கிஷி செய்ஜி இயக்கம், மாயேதா ஜுன் கதையும் திரைக்கதையும், 13 எபிசோடுகள். அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 2002-இல், ஆபே யோஷிதோஷியின் ஹைபானே ரென்மேய் வந்துவிட்டது. அதுவும் 13 எபிசோடுகள்தான். மூன்றாவது, 2015-இல் மேட்ஹவுஸ் தயாரித்த டெத் பரேட். உருவாக்கி இயக்கியவர் தச்சிகாவா யூசுரு, 12 எபிசோடுகள். மற்ற இரண்டைப் போல இதில் பதின்வயதினர் மையமில்லை, சிலரே வருகிறார்கள். ஆனாலும் மற்ற இரண்டும் தொடாத ஒரு வழியை இது எடுப்பதால் சேர்த்திருக்கிறோம். கீழே முடிவுகள் எல்லாம் உடைபடும். எதையும் பார்க்காதவர்கள் "எதை முதலில் பார்ப்பது" பகுதிக்கு நேராகப் போய்விடலாம். அங்கே எதுவும் உடையாது.

உள்ளே இருக்கும் சட்டதிட்டம்

ஏஞ்சல் பீட்ஸில் இறந்தவர்கள் வந்து சேரும் இடம் ஒரு பிரம்மாண்டமான உறைவிடப் பள்ளி. வாழ்க்கையில் அநியாயம் அனுபவித்து, பள்ளிப் பருவத்தை முழுதாக வாழாமல் போனவர்கள் மட்டுமே அங்கே வருகிறார்கள். மற்ற மாணவர்களும் ஆசிரியர்களும் என்பிசிக்கள், அதாவது வீடியோ கேமில் பின்னணிக்கு நிற்கும் பொம்மை மனிதர்கள். அங்கே யாரும் சாக முடியாது. கத்தியால் குத்தினாலும் வலிக்கும், மயங்குவார்கள், பிறகு எழுந்துவிடுவார்கள். ஒழுங்காக வகுப்புக்குப் போய், நல்ல மாணவராக வாழ்ந்து, மனம் நிறைந்தால் மறைந்துபோவார்கள்.

நகாமுரா யூரி தலைமையில் "செத்த உலகப் போர்முனை" என்ற கூட்டம் வகுப்பைப் புறக்கணித்துத் துப்பாக்கி தூக்குவதற்கு இதுதான் காரணம். அவர்களுக்கு மறைய விருப்பமில்லை. இப்படி ஒரு வாழ்க்கையைக் கொடுத்த கடவுளோடு கணக்குத் தீர்க்க வேண்டும். கடவுளின் ஆள், ஒரு தேவதை என்று அவர்கள் நினைத்து எதிர்ப்பது மாணவர் மன்றத் தலைவி தச்சிபானா கனாதேயை. நகைச்சுவை இதிலிருந்தே பிறக்கிறது. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குவது ஆபத்தான காரியம். சாப்பாட்டுச் சீட்டைக் காசு கொடுத்து வாங்காமல், ராக் கச்சேரி நடத்திக் கூட்டம் சேர்த்து, ராட்சத மின்விசிறிகளால் சீட்டுகளைப் பறக்கவிட்டுப் பிடிப்பது ஒரு ராணுவ நடவடிக்கை.

ஆயுதங்கள் வரும் வழியும் யோசித்து அமைக்கப்பட்டது. பள்ளிக்கு அடியில் கில்டு என்ற பட்டறை இருக்கிறது. அங்கே மண்ணிலிருந்து எதையும் செய்யலாம், ஆனால் அந்தப் பொருளின் உள்ளமைப்பு செய்பவரின் நினைவில் இருக்க வேண்டும். துப்பாக்கியின் பாகங்கள் தெரியாதவன் செய்தால் பொம்மைதான் வரும். கனாதேவின் கையிலிருந்து முளைக்கும் வாளும் இதே விதியின் இன்னொரு முகம்: ஏஞ்சல் பிளேயர் என்ற மென்பொருளில் அவளே எழுதிச் சேர்த்த திறன் அது. அவள் தேவதையே இல்லை, அவர்களைப் போலச் செத்த ஒரு மாணவி என்ற திருப்பம் செல்லுபடியாவது இந்த விதி முன்கூட்டியே சொல்லப்பட்டதால்தான்.

ஹைபானே ரென்மேயில் "இது செத்த பிறகான உலகம்" என்று ஒருவர்கூட ஒரு முறையும் சொல்வதில்லை. பழைய கட்டடம் ஒன்றில் பெரிய கூட்டுப்புழுக் கூடு போல ஒன்று வளர்கிறது. அதை உடைத்துக்கொண்டு ஒரு பெண் வருகிறாள். கூட்டுக்குள் கண்ட கனவே அவளுக்குப் பெயர்: விழுவதுபோல் கனவு கண்டதால் ராக்கா. முதல் எபிசோடிலேயே அவள் முதுகைக் கிழித்துக்கொண்டு சிறகு முளைக்கிறது. காய்ச்சலும் ரத்தமும் வலியுமாக ஓர் இரவு முழுக்க. சிறகை ரேக்கி என்ற மூத்தவள் உட்கார்ந்து கழுவிவிடுகிறாள். தலைக்கு மேல் ஒளிவளையம் நிற்காமல் சரிகிறது, கம்பி கட்டி நிறுத்துகிறார்கள். தேவதை உருவத்தை இவ்வளவு சாதாரண வீட்டுவேலையாக்கிய தொடர் வேறு உண்டா என்பது சந்தேகம்.

இங்கே சட்டங்கள் பொருளாதாரம் சம்பந்தப்பட்டவை. சிறகு முளைத்த இவர்களுக்கு ஹைபானே என்று பெயர். ஹைபானேக்கள் பணத்தைத் தொடக்கூடாது. பிறர் பயன்படுத்தி விட்ட பொருளையே எடுக்க வேண்டும். ஊரில் வேலை செய்தாக வேண்டும். ஹிகாரி ரொட்டிக்கடையில், கானா மணிக்கூண்டில், நேமு நூலகத்தில். கூலிக்குப் பதில், பணம்போல் பயன்படும் ஒரு குறிப்பேடு. ஊரைச் சுற்றி நிற்கும் சுவரைத் தொடவோ தாண்டவோ கூடாது. கோயிலில் பேசக்கூடாது, சிறகில் மணியைக் கட்டிவிடுவார்கள், ஆமாம் இல்லை என்பதைச் சிறகசைத்துச் சொல்ல வேண்டும்.

டெத் பரேடின் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரே நேரத்தில் இறந்த இருவர் குயின்டெசிம் என்ற மதுக்கூடத்துக்கு வருகிறார்கள். செத்தது அவர்களுக்கு நினைவில்லை. உணர்ச்சியில்லாத நடுவர் டெசிம், உயிரைப் பணயம் வைத்து ஒரு விளையாட்டு ஆடச் சொல்கிறான்: டார்ட்ஸ், பௌலிங், ஏர் ஹாக்கி இப்படி ஏதாவது. ஆட்டத்தின் நெருக்கடியில் மனத்தின் இருட்டு வெளியே வரும்; அதை வைத்து ஒருவருக்கு மறுபிறவி, ஒருவருக்குச் சூனியம். சில சமயம் இருவருக்குமே ஒரே தீர்ப்பும் உண்டு. நமக்குப் பழக்கமான சித்திரகுப்தன் வாழ்நாள் முழுக்க எழுதிய ஏட்டைப் பார்த்துக் கணக்குச் சொல்வான். இங்கே நடுவரின் கையில் துண்டு துண்டான நினைவுகள் மட்டுமே.

வெளியேறும் வாசல்

ஏஞ்சல் பீட்ஸின் வாசல் மனநிறைவு. மூன்றாவது எபிசோடில் போர்முனையின் ராக் பாடகி இவாசாவா மேடையில் தன் பாட்டைப் பாடி முடித்ததும் கிதார் கீழே விழுகிறது, ஆள் இல்லை. மொத்தத் தொடரின் இலக்கணமும் அந்த ஒரு காட்சியில் அடங்கிவிடுகிறது. பத்தாவது எபிசோடில் யூயி: சின்ன வயதில் விபத்தில் உடல் செயலிழந்து படுத்த படுக்கையாகக் கிடந்தவள். மல்யுத்தத்தின் ஜெர்மன் சூப்ளெக்ஸ், ஐந்து பேரைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோய் ஒரு கோல், ஒரு ஹோம் ரன், கல்யாணம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். இவற்றில் கடைசி ஒன்றுக்குப் போர்முனைத் தோழன் ஹினாதா கொடுக்கும் பதில்தான் தொடரின் உச்சம், 13-ஆவது எபிசோடு அல்ல என்பது எங்கள் கணிப்பு. காரணம் எளிது: அங்கே விதி முழுக்கக் கடைப்பிடிக்கப்படுகிறது, கண்ணீரும் அந்த விதிக்குள்ளிருந்தே வருகிறது.

ஹைபானேவில் இரண்டு வாசல்கள். குழந்தைத்தனமான கூ, தன் மனசுக்குள் ஒரு கோப்பை இருப்பதாகவும் நாள்தோறும் அதில் சொட்டுச் சொட்டாக நல்லது விழுவதாகவும் சொல்கிறாள். கோப்பை நிறைந்ததும் காட்டுக்குள் போய்ப் பறந்துவிடுகிறாள். இது ஏஞ்சல் பீட்ஸின் அதே வாசல்தான். ஆனால் ராக்காவுக்கும் ரேக்கிக்கும் அது திறக்காது. அவர்கள் "பாவம் பிடித்தவர்கள்". சிறகில் கறுப்புப் புள்ளி விழுகிறது. கனவுகளைக் கூட்டிப் பார்த்தால் இருவரும் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் என்று ஊகிக்கலாம்; தொடர் அதையும் சொல்வதில்லை. இதில் ஒரு சிக்கலான விடுகதை: தன் பாவத்தை அறிந்தவருக்குப் பாவம் இல்லை, அப்படியானால் நான் பாவியா? அறிந்தேன் என்றால் பாவமில்லை, பாவமில்லை என்றால் அறியவில்லை. தனியாகச் சுற்றினால் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இன்னொருவர் மன்னித்தால்தான் வெளியே வரலாம். எல்லோருக்கும் ஓடி ஓடி உதவிய ரேக்கி, "காப்பாற்று" என்ற ஒரு வார்த்தையை மட்டும் வாழ்நாள் முழுக்கச் சொல்லாதவள். கடைசி எபிசோடு அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்திருக்கிறது. வாசல் திறக்காதவர்களுக்கு என்ன ஆகும் என்பதும் தெளிவு: சிறகும் வளையமும் போய், ஒதுங்கி வாழ்ந்து, முதுமையடைந்து சாக வேண்டும். தோற்றால் விலை இருப்பதால்தான் பதற்றமும் இருக்கிறது. ஏஞ்சல் பீட்ஸில் இல்லாதது இதுதான்.

டெத் பரேடில் வாசலைத் திறப்பவர் வேறொருவர், அவரும் தவறு செய்வார். முதல் எபிசோடில் ஒரு புதுமணத் தம்பதி டார்ட்ஸ் ஆடுகிறார்கள். பலகையின் ஒவ்வொரு பகுதியும் எதிராளியின் உடலுறுப்பு ஒன்றோடு இணைந்திருக்கிறது. மனைவி துரோகி என்ற முடிவுக்குப் பார்ப்பவரும் டெசிமும் சேர்ந்தே வருகிறோம். இரண்டாவது எபிசோடில் அதே சம்பவம் வேறு கண்களால் திரும்ப ஓடும்போது, அவள் பேசியது கணவனின் குற்ற உணர்வைத் தணிக்கச் சொன்ன பொய்யாக இருக்கலாம் என்று தெரிகிறது. தீர்ப்போ முடிந்துவிட்டது. மேல்முறையீடு கிடையாது.

எங்கே சறுக்குகின்றன

ஏஞ்சல் பீட்ஸின் நோய், ஆள் அதிகம் இடம் குறைவு. போர்முனையில் பத்துப் பதினைந்து முகங்கள். கதாநாயகன் ஒதோனாஷி, யூரி, ஹினாதா, யூயி, இவாசாவா, நாவோய், கனாதே ஆகியோரின் முன்கதைதான் தேறுகிறது. டிகே, ஷீனா, நோதா, மாட்சுஷிதா எல்லாம் ஒரு சேட்டையோடு நின்றுவிடுகிறார்கள். கடைசியில் அவர்கள் விடைபெறுவது கூட்டமாக, பெரும்பாலும் திரைக்கு வெளியே. மனநிறைவே வாசல் என்றால், அவர்களுக்கு எது நிறைந்தது என்று காட்டாமல் அனுப்புவது விதியைத் தட்டிக் கழிப்பதுதான். இந்தக் குறையை ஈடுகட்ட வேண்டிய விஷுவல் நாவல் (படங்களோடு வாசித்துப் போகும் கணினி விளையாட்டு) 2015-இல் "1ஸ்ட் பீட்" என்று வந்தது. ஆறு பாகங்களாகத் திட்டமிட்டது, முதல் பாகத்தோடு நிற்கிறது.

இரண்டாவது சறுக்கல் எல்லோரும் சண்டை போடும் காலக்கணக்கு. ஒதோனாஷியின் இதயத்தைப் பெற்று வாழ்ந்தவள் கனாதே. அப்படியானால் அவனுக்குப் பின்னால் செத்தவள், அந்தப் பள்ளிக்கு அவனுக்கு முன்னால் வந்தது எப்படி? அங்கே காலம் நேர்கோட்டில் ஓடுவதில்லை என்று சமாதானம் சொல்லலாம். தொடர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் துப்பு இருக்கிறது. முதல் எபிசோடில் "நான் சாகமாட்டேன் என்று நிரூபி" என்று ஒதோனாஷி சொன்னதும் கனாதே அவன் நெஞ்சில்தான் குத்துகிறாள். அங்கே இதயம் இல்லை என்பதை அப்போதே கண்டுகொண்டவள் அவள். தொடரின் பெயரில் உள்ள துடிப்பும் அதுவே. இரண்டாம் முறை பார்க்கும்போது அந்தக் காட்சி வேறு காட்சியாகிவிடுகிறது.

சுரங்கப்பாதை ரயில் விபத்தில் சிக்கிய ஒதோனாஷி, காப்பீட்டு அட்டையின் பின்புறம் உறுப்பு தானச் சம்மதத்தைக் கையெழுத்திட்டு எழுதுவது ஒன்பதாவது எபிசோடு. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பை எடுக்க அவரே எழுதி வைத்த சம்மதம் கட்டாயம் என்பதுதான் அன்றைய ஜப்பானியச் சட்டம். குடும்பத்தின் சம்மதம் மட்டும் போதும் என்று தளர்த்திய திருத்தம் முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2010 ஜூலையில், தொடர் முடிந்த அடுத்த மாதம். ஆகவே அந்தக் கையெழுத்து வெறும் உருக்கமல்ல, கதைக்குத் தேவையான ஆதாரம். மருத்துவம்தான் இடிக்கிறது: எடுத்த இதயம் சுமார் நான்கு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, தானம் செய்பவர் மருத்துவமனையில் மூளைச்சாவு நிலையில் இருந்தாக வேண்டும். மீட்புக்குழுவின் வெளிச்சம் விழும் நொடிக்கும் அறுவைக்கும் நடுவே நடந்ததைத் தொடர் தாண்டிக் குதித்துவிடுகிறது.

ஹைபானேவின் குறை எதிர்த்திசையில். முதல் ஐந்து எபிசோடுகளில் சமையல், வேலை, பழைய துணிக்கடை தவிரப் பெரிதாக எதுவும் நடக்காது. கைவிடுகிறவர்கள் இங்கேதான் கைவிடுகிறார்கள். ஆறாவதில் கூ போகும்போதுதான் அந்த ஐந்தும் எதற்கு என்று புரியும். படத்தரத்திலும் 2002-இன் தொலைக்காட்சி பட்ஜெட் பல இடங்களில் பல்லிளிக்கிறது. டெத் பரேடில் மேலிடத்து அரசியல், டெசிமுக்கு மேலே இருக்கும் ஓகுலஸ், நோனா சமாசாரம் எல்லாம் பாதியில் தொங்குகின்றன. அவற்றுக்கு இன்னொரு சீசன் தேவைப்பட்டிருக்கும்.

இசையில் மட்டும் ஏஞ்சல் பீட்ஸுக்குப் போட்டி இல்லை. கதைக்குள் இருக்கும் கேர்ள்ஸ் டெட் மான்ஸ்டர் குழுவுக்கு இவாசாவா காலத்தில் மரினா, யூயி காலத்தில் லிசா என்று இரண்டு பாடகிகள். பாடகி மாறும்போது குழுவின் குணமே மாறுவது காதுக்குத் தெரியும். பின்னாளில் டீமன் ஸ்லேயரின் குரேங்கே பாட்டால் ஊர் முழுக்கத் தெரிந்த அதே லிசாதான்.

எதை முதலில் பார்ப்பது

அனிமே புதிது, சிரிக்கவும் வேண்டும் அழவும் வேண்டும் என்பவர்கள் ஏஞ்சல் பீட்ஸில் தொடங்கலாம். மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குச் சற்று மேல். பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள முதல் எபிசோடு போதாது, அது வெறும் கூச்சல்; மூன்றாவது வரை பார்த்து முடிவெடுங்கள். தனியாக வந்த ஸ்டெயர்வே டு ஹெவன், ஹெல்ஸ் கிச்சன் என்ற இரண்டு எபிசோடுகளும் முழு நகைச்சுவை. 13-ஆவது முடிந்த கையோடு அவற்றைப் போட்டால் இருந்த மனநிலை பாழ். சில நாள் இடைவெளி விடுங்கள். அனதர் எபிலாக் என்ற குட்டித் துண்டு, கடைசி எபிசோடின் எழுத்துகளுக்குப் பின் வரும் காட்சியோடு முரண்படுவதுபோல் இருக்கும். எழுத்துகள் ஓடும்போது அணைத்துவிடாமல் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, இரண்டில் எதை முடிவாகக் கொள்வது என்று பிறகு யோசியுங்கள்.

ஹைபானேவை ஒரே மூச்சில் பார்த்தால் வீண். நாளுக்கு இரண்டு எபிசோடு, இரவில், கைபேசியைத் தள்ளி வைத்துவிட்டு. கடைசி இரண்டை மட்டும் பிரிக்கக் கூடாது, சேர்த்தே பார்க்க வேண்டும். சப்டைட்டிலோடு பார்ப்பது மேல். அங்கே பெயர்களின் பொருள் கதையின் பகுதி.

டெத் பரேடில் ஒன்றும் இரண்டும் கட்டாயம் அடுத்தடுத்து. தொடக்கப் பாட்டின் துள்ளலைக் கேட்டு ஜாலியான தொடர் என்று ஏமாற வேண்டாம். தற்கொலை மூன்று தொடர்களிலும் ஏதோ ஒரு வடிவில் வருகிறது, டெத் பரேடில் நேரடியாகவே. அந்தப் பேச்சு மனத்தைக் கலைக்கும் நிலையில் இருப்பவர்களும், வீட்டில் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுப்பவர்களும் 4, 8, 9, 12-ஆவது எபிசோடுகளை முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஏஞ்சல் பீட்ஸில் அப்படி முன்னெச்சரிக்கை வேண்டியது யூரி தன் தம்பி தங்கைகளைப் பற்றிச் சொல்லும் இரண்டாவது எபிசோடு. சில நிமிடம்தான், ஆனால் கில்டில் அதுவரை நடந்த கோமாளித்தனத்தின் நடுவே சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும்.