ஹோண்டா காரில் ஆயில் மாற்ற: திரைக் குறியீடா, மைல் கணக்கா?

அமெரிக்காவில் விற்கும் ஹோண்டா கார்களின் திரையில் ‘பி13’ என்று வந்தால் பழுது என்று பயப்பட வேண்டாம். பி என்றால் எஞ்சின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி, பிரேக் முதலியவற்றைச் சோதிப்பது. 1 டயர்களை இடம் மாற்றுவது. 3 டிரான்ஸ்மிஷன் (கியர்பாக்ஸ்) ஆயிலை மாற்றுவது. ஆயில் ஆயுள் 15 சதவீதத்துக்கு இறங்கும்போது அறிவிப்பு தொடங்கும். கணினி ஆயிலைப் பரிசோதிப்பதில்லை, எஞ்சின் ஓடிய விதத்தைக் கணக்கிடுகிறது. எனவே நெடுஞ்சாலையில் சீராக ஓடும் காரைவிட, குளிரில் கடைத்தெரு வரை மட்டும் போய்வரும் காருக்கு முன்னதாகவே அழைப்பு வரும்.

3,000 மைலுக்கு ஒருமுறை ஆயில் மாற்றும் பழைய கணக்குக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. நல்ல ஆயிலைக் கொட்டுவதில் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் லாபம். என் ஓட்டு குறியீட்டுக்கே. ஆனால் அறிவிப்பு வராவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை எஞ்சின் ஆயிலையும், 3 ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவத்தையும் மாற்றிவிடுங்கள். பழைய மாடல்கள் பலவற்றில் பிரேக் திரவத்துக்குக் குறியீடே கிடையாது.