ஆர்எக்ஸ் 100: 16,500 ரூபாயும் போச்சு, கம்பெனி கிராங்கும் போச்சு

என் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கோட இன்ஜின் பாகங்களை வேலைக்கு வாங்கின கடைக்காரங்க, இன்னைக்குக் காலையில என் நம்பரை பிளாக் பண்ணிட்டாங்க. பதினோரு நாளா இழுத்தடிச்ச பேச்சு அதோட முடிஞ்சுது. போனது 16,500 ரூபாய். அதைவிட வயிறெரியறது எதுக்குன்னா, வண்டியோட வந்த கம்பெனி கிராங்க் (பிஸ்டன் ஏறி இறங்கறதைச் சுழற்சியா மாத்தற தண்டு) போனதுக்கு. பொள்ளாச்சி, உடுமலை, அந்தப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வண்ணாமடை, மீனாட்சிபுரம்னு எல்லைக்கு ரெண்டு பக்கமும் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியை ஷெட்டுல வெச்சுப் பிரிச்சுப் பூட்டறவங்க நிறையப் பேர் இருக்கீங்க. கோபத்தோடதான் எழுதறேன். அளவெல்லாம் சரியாத்தான் எழுதறேன்.

கடைப் பேர் போடல, கேஸுக்குப் போறேன். பழைய வண்டிப் பாகம் வாங்கறதுக்கும் விக்கறதுக்கும் இருக்கற ஒரு ஆன்லைன் குழுவுல விளம்பரம் போடறவங்க. பாகமும் விப்பாங்க, லேத் வேலையும் செஞ்சு தருவாங்க. கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி கேரளாப் பக்கம். தமிழ்க்காரங்கதான். மொழி வேற, மாநிலம் வேறன்னு யாரும் இதை இழுக்க வேண்டாம். நம்ம பேச்சு பேசினதாலதான் நம்பினேன்.

வேலை என்னன்னா, ஆர்எக்ஸ் 100 இன்ஜின். போர் (சிலிண்டர் துளையோட விட்டம்) 50 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகர்ற தூரம்) 50 மி.மீ., 98 சிசி. சிலிண்டர் பிளாக் இன்னும் ஸ்டாண்டர்டு போர்தான், ஒருதரம் கூட ரீபோர் போடாதது (தேஞ்ச துளையைக் கடைஞ்சு பெருசாக்கறதுதான் ரீபோர்). அனுப்பறதுக்கு முன்னாடி போர் கேஜ் வெச்சு எடுத்த அளவு: மேல 50.11, கீழ 50.02. அதாவது மேல தேஞ்சிருக்கு, முதல் ஓவர்சைஸ், அதாவது 0.25 மி.மீ. பெரிய பிஸ்டனுக்குக் கடைஞ்சா நிமிர்ந்துரும். கிராங்குல பிக் எண்ட் (கனெக்டிங் ராடு கிராங்கோட சேர்ற இடம்) மேலும் கீழும் லேசா ஆடுது. பக்கவாட்டுல ராடு கொஞ்சம் நகர்றது இருக்க வேண்டியதுதான், மேல கீழ ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது. அதனால பின், பேரிங், கனெக்டிங் ராடு கிட் மாத்தணும். வெப்பு (கிராங்கோட ரெண்டு பக்கமும் இருக்கற கனமான இரும்பு வட்டு) ரெண்டும் அருமையா இருந்துச்சு.

அவங்க சொன்ன கணக்கு: பிஸ்டன் ரிங் செட் 4,200, ரீபோர் ஹோனிங் 900, கனெக்டிங் ராடு கிட் 3,800, பிரஸ் பண்ணி ட்ரூயிங் (கிராங்கை நேராக்கறது) 1,800, கிராங்க் பேரிங் ரெண்டு ஆயில் சீலோட 3,300, கேஸ்கெட் செட் 700, கிளட்ச் பிளேட் 1,800. மொத்தம் 16,500. முதல்ல பத்தாயிரம், பார்சல் போடறதுக்கு முன்னாடி 6,500.

கோயமுத்தூர்ல இல்லாத லேத்தா, ஏன் அங்க அனுப்பினேன்னு கேப்பீங்க. அந்த ஆள் பேசின விதம்தான் காரணம். "போர் எவ்வளவு வேணும்"னு கேக்கல. "பிஸ்டன் கையில வந்ததுக்கப்புறம் அதை அளந்துதான் போர் ஓட்டுவோம்ணா, 0.04 இடைவெளி போதுமா?"ன்னு கேட்டான். சரியான கேள்வி. பிஸ்டனை அளக்காம டப்பாவுல போட்ட அளவை நம்பி போர் ஓட்டறவன்தான் அதிகம். பிளாக்குல டிரான்ஸ்பர் போர்ட், எக்ஸாஸ்ட் போர்ட் (கலவை வர்ற, புகை போற வழிகள்) விளிம்பை எல்லாம் கூர் மழுக்கி சேம்ஃபர் பண்ணித் தருவேன்னும் அவனே சொன்னான். அதைப் பண்ணலைன்னா ரிங் அந்த விளிம்புல மாட்டி உடையும். தொழில் தெரிஞ்சவன்னு முடிவு பண்ணிட்டேன். தொழில் தெரிஞ்சவன்தான், அதுல சந்தேகமே இல்ல. தெரிஞ்சதாலதான் எதைச் சொன்னா நான் நம்புவேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கு.

மிச்சம் 6,500 போடறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ வந்துச்சு. வி-பிளாக் மேல கிராங்க், தண்டுல டயல் கேஜ் (ஆட்டத்தை முள்ளால காட்டற அளவுக் கருவி), கையால மெதுவாச் சுத்தறாங்க, முள் ஒரு கோடு தாண்டல. 0.01. அதைப் பார்த்ததும் க்யூஆர்ல பணம் போட்டுட்டேன். க்யூஆர்ல வந்த பேர் கடைப் பேர் இல்ல, வேற யாரோ. "அது எங்க மச்சான் அக்கவுண்ட்ணா"ன்னான். போட்டுட்டேன்.

அந்த வீடியோவை இப்போ நூறு தரம் பார்த்தாச்சு. ரெண்டு விஷயம். ஒண்ணு, தண்டு முனை மட்டும்தான் தெரியுது, வெப்பு ஃபிரேமுக்குள்ளயே வரல. யாரோட கிராங்குன்னே சொல்ல முடியாது. ரெண்டாவது, டயல் கேஜுக்குள்ள சுத்து எண்ணற சின்ன முள் இருக்குமே, அது பூஜ்யத்துல நிக்குது. கேஜ் ஊசியைத் தண்டு மேல கொஞ்சம் அழுத்தி வெச்சிருந்தா சின்ன முள் நகர்ந்து நிக்கணும். பூஜ்யத்துல நின்னா ஊசி தண்டைத் தொடவே இல்ல, இல்லைன்னா பட்டும் படாம நிக்குதுன்னு அர்த்தம். தொடாம நின்னா கிராங்க் கோணலா இருந்தாலும் முள் அசையாது. டயல் கேஜ் வீடியோ யார் அனுப்பினாலும் இனி சின்ன முள்ளைப் பாருங்க.

பார்சல் வந்ததும் பூட்டாம அளந்தேன். அது ஒண்ணுதான் நான் செஞ்ச நல்ல காரியம்.

பிளாக் என்னோடதுதான். அடி விளிம்புல ரெண்டு புள்ளி பஞ்ச் அடிச்சு அனுப்பியிருந்தேன். போர் அளவு மேல 50.13, கீழ 50.03. ரீபோர் போட்ட பிளாக்குல மேலயும் கீழயும் 0.10 வித்தியாசம் வராது. போரிங் மெஷின்ல ஏத்தவே இல்ல, எமரித் தாள் சுத்தி டிரில்லுல ஓட்டியிருக்காங்க. கோடு கோடா புதுசு மாதிரி மின்னும், அளவு மட்டும் பழசு. அப்போ 0.25 பிஸ்டன் எப்படி உள்ள போகும்? போகாது. வந்த பிஸ்டன் ஸ்டாண்டர்டு. ஸ்கர்ட்டுல (பிஸ்டனோட கீழ்ப்பகுதி) 49.94. தலையில இருந்த மார்க்கை வழிச்சுட்டு "25"னு எழுத்துப் பஞ்ச்ல அடிச்சிருக்காங்க, 2 ஒரு பக்கம் சாஞ்சு, 5 ஆழமா. அதுவும் ஓடின பிஸ்டன். புது பிஸ்டன் ஸ்கர்ட்டுல லேத் ஓடின மெல்லிய வரி நகத்துல தட்டுப்படும், இதுல ரெண்டு அழுத்தப் பக்கமும் வழுவழுன்னு இருக்கு. ரிங் பள்ளத்துல லொக்கேட்டிங் பின் இருக்கற மூலையில கரி அப்படியே ஒட்டியிருக்கு. கெமிக்கல்ல ஊறவெச்சுக் கழுவறவங்களுக்கு அந்த மூலை எப்பவும் மிச்சம் வந்துரும்.

இடைவெளி மேல 0.19, கீழ 0.09. கேட்டது 0.04. இதைப் பூட்டி ஓட்டினா பிஸ்டன் தட்டும், கொஞ்ச நாள்ல ஸ்கர்ட் விரிசல் விடும்.

போர் கேஜ் இல்லாதவங்களுக்கு ஒரு வழி இருக்கு, ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) போதும். ரிங்கை மட்டும் போருக்குள்ள விட்டு, பிஸ்டன் தலையால நேரா தள்ளி, வாய் இடைவெளியை மேல ஒருதரம், போர்ட்டுக்குக் கீழ ஒருதரம் அளங்க. போர்ட் இருக்கற இடத்துல வெச்சு அளக்காதீங்க, ரிங் வெளிய பிதுங்கித் தப்பு அளவு காட்டும். ரெண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14ஆல வகுத்தா போர் எவ்வளவு கூம்பிருக்குன்னு வரும். எனக்கு மேல 0.65, கீழ 0.35. வித்தியாசம் 0.30, வகுத்தா கிட்டத்தட்ட 0.10. கேஜ் சொன்னதும் அதேதான்.

இனி கிராங்க். என் கிராங்குல மேக்னெட் (கரண்ட் தர்ற பாகம்) பக்க வெப்போட வெளி விளிம்புல ஒரு உளித் தழும்பு இருக்கு. எப்பவோ ஒரு மெக்கானிக் உளி நழுவினது, அரை இன்ச் நீளம், ஒண்ணரை மி.மீ. ஆழம். அனுப்பறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவுல தெளிவாத் தெரியுது. வந்த கிராங்குல அது இல்ல. பின் முனையில வெல்டு வெச்சு, மேல கிரைண்டர் ஓட்டி, சில்வர் பெயிண்ட் அடிச்சிருக்காங்க. தின்னர்ல துடைச்சதும் வெல்டு பல்லிளிக்குது. இந்தக் கிராங்க் ரெண்டு வெப்பும் ஒரு பின்னும் சேர்த்து பிரஸ் பண்ணினது. பல தரம் அமுக்கிப் பிரிச்சா வெப்புல துளை தளர்ந்து பின் பிடிக்காது. அப்படிச் செத்த கிராங்கைத்தான் வெல்டு வெச்சு ஒப்பேத்தறாங்க. (ரேஸ் வண்டிக்கு ட்ரூ பண்ணி முடிச்சு வேணும்னே வெல்டு வெக்கறவங்க உண்டு. அது வேற வேலை.) வெல்டு வெச்சதை மறுபடி பிரிச்சு கிட் மாத்தறது லேசில்ல. டயல் கேஜ்ல மேக்னெட் பக்கம் 0.12 ஆடுது. வீடியோவுல 0.01.

கிராங்க் இப்படி ஆடினா பேரிங்கும் ஆயில் சீலும் தாங்காது. மேக்னெட் பக்க சீல் போனா காத்து இழுக்கும், பெட்ரோல் கலவை மெலிஞ்சு சூடேறி பிஸ்டன் பிடிச்சுக்கும். கிளட்ச் பக்க சீல் போனா கியர் ஆயிலை இழுத்து வெள்ளைப் புகையா விடும். பேரிங்கும் நான் சி3 (உள் இடைவெளி கொஞ்சம் அதிகமான வகை) கேட்டேன், வந்ததுல சி3ங்கற எழுத்தே இல்ல. இன்ஜின் கேஸுக்குள்ள இறுக்கமா உக்காந்து சூடாகும்போது சாதா பேரிங்குக்கு மூச்சு விட இடம் இருக்காது.

ஆர்எக்ஸ் 100 உற்பத்தி 1996லயே நின்னு போச்சு. கம்பெனிக் கிராங்க்ல வெப்பு நல்லா இருந்தா அதுக்கு ஈடா இன்னைக்கு எதுவும் வராது. இன்ஜின் நம்பர் இன்ஜின் கேஸுலதான் இருக்கு, கிராங்குக்கு நம்பர் கிடையாது. மாத்தினா கேக்க ஆளில்லைன்னு தெரிஞ்சேதான் மாத்தியிருக்காங்க.

முதல் நாள் போன் பண்ணினேன். "பூட்டி ஓட்டிப் பாருங்கண்ணா, ஓட ஓட செட் ஆயிரும்." பூட்டி ஓட்டினா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும்: நீங்க பூட்டினது தப்பு, ஆயில் கலந்தது தப்பு. மாட்டேன்னுட்டேன். மூணாம் நாள், "உங்க மைக்ரோமீட்டர் சரியில்லைங்க." கோவை கணபதியில ஒரு லேத்துல கொண்டுபோய் அளந்து, சீட்டுல எழுதி வாங்கி போட்டோ அனுப்பினேன். அதே அளவு. அதுக்கு, "வேற ஆள் கை பட்டுருச்சு, இனி எங்க பொறுப்பில்ல." தழும்பு எங்கேன்னு கேட்டா "பாலிஷ் போட்டோம், மறைஞ்சிருக்கும்"ங்கறான். ஒண்ணரை மி.மீ. பள்ளம் பாலிஷ்ல மறையுமா? அப்புறம் மெஷின் ஓட்டறவர் ஊருக்குப் போயிருக்கார். அப்புறம் வீட்டுல துக்கம். அப்புறம் "16,500க்கு இவ்வளவு பேசறீங்களே". நேத்து, பழைய கிராங்கை மட்டுமாவது திருப்பிக் குடு, 16,500ஐ அப்புறம் பேசிக்கலாம்னு மெசேஜ் போட்டேன். பார்த்தாங்க. காலையில பிளாக்.

குழு அட்மின்கிட்ட சொன்னா "கொடுக்கல் வாங்கலுக்கு குழு பொறுப்பில்ல"ன்னு ஒரு வரி. என் பதிவை எடுத்துட்டாங்க. அவங்க விளம்பரம் இன்னும் அங்கேயே இருக்கு.

சரி, என்ன செய்யணும்னு கேக்கறவங்களுக்கு. முழுசா எழுத இப்போ பொறுமை இல்ல, முக்கியமானது மட்டும். வெளிய போற ஒவ்வொரு பாகத்துலயும் பஞ்ச் அடிங்க, கிராங்க் வெப்பு உட்பட. நான் பிளாக்குல அடிச்சு கிராங்கை விட்டேன். அளவைப் பேப்பர்ல எழுதி பாகத்தோட சேர்த்து போட்டோ எடுங்க. கழட்டின பழைய பிஸ்டன், பின், ராடு எல்லாத்தையும் திருப்பிக் கேளுங்க, தரமாட்டேன்னா வேலை குடுக்காதீங்க. ஜிஎஸ்டி பில் இல்லாம, கடைப் பேர்ல இல்லாத அக்கவுண்டுக்குப் பணம் போடாதீங்க. எனக்கு வந்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு. பணம் போன உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடிங்க, நாள் கடத்தாதீங்க, நான் கடத்திட்டேன். விக்கறவன் கேரளாவுல இருந்தாலும் 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்க குடியிருக்கற மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே புகார் குடுக்கலாம், ரெண்டு வருஷத்துக்குள்ள. அஞ்சு லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது. நான் அதைத்தான் பண்ணப் போறேன்.

ஒரு உதவி. மேக்னெட் பக்க வெப்போட வெளி விளிம்புல அரை இன்ச் உளித் தழும்பு இருக்கற ஆர்எக்ஸ் கிராங்க் யாராவது உங்ககிட்ட விலைக்குக் கொண்டு வந்தா, வாங்காதீங்க. தழும்பை போட்டோ எடுத்து இந்தப் பதிவுக்குக் கீழ போடுங்க.