யூரோப்பாவா, என்செலடஸா?

வேற்றுயிரைத் தேட ஒரே ஒரு விண்கலம்தான் அனுப்பலாம் என்றால் எங்கே அனுப்புவது? சுங்கை சிப்புட்டில் வானம் பார்க்கும் எங்கள் சின்னக் கூட்டத்தில் செவ்வாயை யாரும் சீண்டுவதில்லை. போட்டி வியாழனின் நிலா யூரோப்பாவுக்கும் சனியின் நிலா என்செலடஸுக்கும்தான்.

யூரோப்பா பெரியது, சுமார் 3,100 கிலோமீட்டர் விட்டம். பனி ஓட்டுக்கு அடியில் பூமியின் கடல்களைவிட அதிக நீர் இருக்கலாம். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் பைனாகுலரை அசையாமல் பிடித்தால் வியாழனுக்குப் பக்கத்தில் புள்ளியாகத் தெரியும். “கண்ணுக்குத் தெரியாததை எப்படித் தம்பி நம்புறது?” என்று ஒட்டுக்கடை அண்ணன் இதன் பக்கமே நிற்கிறார். நாசாவின் யூரோப்பா கிளிப்பர் 2024 அக்டோபரில் கிளம்பிவிட்டது. 2030இல் போய்ச் சேரும். ஆனால் கதிர்வீச்சு கடுமை, பனியோ பல கிலோமீட்டர் தடிமன். துளைப்பது யார்?

என்செலடஸ் 500 கிலோமீட்டர்தான். தீபகற்ப மலேசியாவின் நீளம்கூட இல்லை. பைனாகுலருக்கு எட்டாது. இருந்தும் என் ஓட்டு இதற்கே, ஏனென்றால் தன் கடலைத் தானே வெளியே பீய்ச்சுகிறது. தென்துருவ வெடிப்புகளிலிருந்து நீராவியும் பனித்துகளும் எழுவதை காசினி விண்கலம் 2005இல் கண்டது. பிறகு அந்தப் பீச்சலுக்குள்ளேயே பறந்தது. உப்பு, கரிமச் சேர்மங்கள், ஹைட்ரஜன் எல்லாம் அகப்பட்டன. கலம் 2017இல் சனிக்குள் விழுந்து அழிந்த பிறகும், அதன் பழைய தரவிலிருந்து 2023இல் பாஸ்பேட் தெரியவந்தது. உரம் போடும் தோட்டத்துக்காரர்களுக்குப் பாஸ்பேட்டின் அருமையைச் சொல்லவா வேண்டும்? அங்கே அனுப்ப ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் யோசிக்கும் கலமோ 2040களில்தான் கிளம்பும்.