கோப்பு பார்க்கும் அதிகாரியா, கருமபீடத்தில் நிற்கும் அதிகாரியா?

நுவரெலியா, பதுளைப் பக்கத்துப் பிரதேச செயலகங்களில் வேலையை இரண்டு விதமாக மேற்பார்க்கலாம். ஒன்று, மாத முன்னேற்ற அறிக்கையை வைத்து அளப்பது. அதில் முடிந்தவை, நிலுவை என்ற எண்ணிக்கைதான் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் 'லெட்சுமி', அடையாள அட்டை விண்ணப்பத்தில் 'லக்ஷ்மி' என்று இருந்ததால் திருப்பி அனுப்பப்பட்ட தோட்டத்துப் பெண் அந்த அறிக்கையில் வரமாட்டார். அவருக்கோ அன்றைய பேரும் (நாட்சம்பளமும்) போய்விட்டது, பஸ் காசும் போய்விட்டது.

மற்றது, பொதுமக்கள் தினத்தில் காலை ஒரு மணித்தியாலம் கருமபீடத்தருகே நிற்பது. எழுத்து வித்தியாசம் வரிசையிலேயே பிடிபடும். தமிழில் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் அன்று லீவு என்பதும் உடனே தெரியும். எங்கள் தெரிவு இதுதான்.

ஆனால் அளவு மீறினால் ஒவ்வொரு கடிதமும் அதிகாரியின் கண்ணில் பட்டே போகவேண்டும் என்றாகிவிடும். அவர் கச்சேரிக் (மாவட்டச் செயலக) கூட்டத்துக்குப் போன நாளில் கடிதக் கட்டு ஒப்பமின்றிக் கிடக்கும். அந்தந்த விடயத்தைக் கையாளும் உத்தியோகத்தரும் சின்ன முடிவுக்கே பயப்படுவார். வழமையான கடிதங்களுக்கு ஒப்பமிடும் பொறுப்பை எழுத்தில் கையளித்துவிட்டு, வாரத்துக்கு 5 கோப்புகளை மட்டும் எடுத்து அடிமுதல் பார்த்தால் போதும்: எந்தத் திகதியில் வந்தது, எந்த மேசையில் எத்தனை நாள் கிடந்தது.