பனிக்குள் பாடிய பிரிவு: 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ'

பிரெஞ்சு மொழியில் 'போன் இவேர்' என்றால் நல்ல பனிக்காலம் என்று பொருள். 'இவேர்' என்ற சொல்லை அம்மொழியில் எழுதும்போது அதன் முன்னால் ஒலிக்காத எழுத்து ஒன்று நிற்கும். அமெரிக்கப் பாடகர் ஜஸ்டின் வெர்னன் அச்சொற்களைத் தம் இசைக்குழுவின் பெயராக்கியபோது அந்த எழுத்தை நீக்கிவிட்டார். பிரெஞ்சும் தமிழுமாக எழுதிய தெருப் பலகைகளைப் படித்து வளர்ந்த புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் இடறல் ஏதுமில்லை. எழுத்து போனாலும் ஒலி மாறவில்லை.

அந்தப் பெயரில் வந்த முதல் தொகுப்புதான் 'ஃபார் எம்மா, ஃபாரெவர் அகோ'. 9 பாடல்கள், சுமார் 37 நிமிடங்கள். இருந்த இசைக்குழு கலைந்து, காதல் முறிந்து, காய்ச்சலில் கல்லீரலும் பாதிக்கப்பட்ட நிலையில், வெர்னன் 2006ஆம் ஆண்டின் இறுதியில் வட கரோலினாவின் ராலே நகரை விட்டுவிட்டுச் சொந்த மாநிலமான விஸ்கான்சினில் தம் தந்தைக்கு இருந்த வேட்டைக் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தார். பனி சூழ்ந்த அந்தக் குடிலில், கையிலிருந்த எளிய ஒலிப்பதிவுக் கருவிகளைக் கொண்டு, இத்தொகுப்பின் பெரும்பகுதியை ஏறத்தாழ மூன்று மாதங்களில் தனியாகவே பதிவு செய்தார். 2007இல் தாமே வெளியிட்டார். 2008இல் ஜாக்ஜாகுவார் என்ற இசை வெளியீட்டு நிறுவனம் அதை மீண்டும் வெளியிட்டது. இந்தக் குடில் கதை இன்று ஒரு தலபுராணமாகவே ஆகிவிட்டது. புராணத்தைக் கழித்துவிட்டுக் கேட்டாலும் பாடல்கள் தேறுமா என்று பார்ப்பதற்காகவே இந்த மார்கழியில் இதை மீண்டும் மீண்டும் கேட்டேன்.

முதலில் தென்படுவது குரல். கச்சேரி மேடையில் கள்ளக்குரல் என்று குறையாகச் சொல்வார்களே, அந்த உச்சக் குரலிலேயே வெர்னன் பெரும்பாலும் பாடுகிறார். அதையும் ஒரே குரலாக விடாமல், தம் குரலின் மேல் தம் குரலையே திரும்பத் திரும்பப் பதிவு செய்து அடுக்குகிறார். 'லம்ப் சம்' பாடலின் தொடக்கத்தில் தேவாலயப் பாடகர் குழு ஒன்று நிற்பதுபோல் தோன்றுவதற்கு இந்த அடுக்கே காரணம். ஆளில்லாத இடத்தில் தனியே இருக்கும் ஒருவன் தன்னையே கூட்டமாக்கிக் கொள்கிறான் என்பது புரிந்தபோது, அந்த இனிமை எனக்குச் சற்று அச்சமூட்டுவதாகவும் மாறியது.

சொற்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். வெர்னன் முதலில் பொருளற்ற ஒலிகளால் மெட்டைப் பாடிப் பதிவு செய்து, பிறகு அவ்வொலிகளுக்குள் எந்தச் சொற்கள் கேட்கின்றன என்று தேடி வரிகளை அமைத்திருக்கிறார். நமக்கு இது புதிதன்று; இசையமைப்பாளர் தத்தகாரத்தில் மெட்டைத் தர, கவிஞர் அதற்குள் பொருளைப் பொருத்தும் முறையில்தான் திரைப்பாடல்கள் பலவும் பிறந்தன. ஆனால் நம் கவிஞர்கள் தையல் கண்ணுக்குப் படாதபடி தைத்துவிடுவார்கள், வெர்னனோ தையலை அப்படியே விட்டுவிடுகிறார். ஐந்தாறு முறை கேட்ட பிறகும் இருவருக்குமிடையே என்ன நடந்தது, யார் யாரை விட்டுப் போனார்கள் என்று என்னால் சொல்ல முடியவில்லை. முதலில் இது எரிச்சலையே தந்தது. சில வரிகளில் ஓசை தவிர வேறெதுவும் இல்லை என்ற எண்ணம் இப்போதும் மாறவில்லை.

ஆயினும் எரிச்சல் தணிந்ததற்கு நம் அகமரபே காரணமாயிற்று. அகப்பாடலில் தலைவன், தலைவியின் பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியம் தரும் விதி. இங்கே தலைப்பிலேயே பெயர் நிற்கிறது. அப்பெயருக்குரியவள்தான் பாடல்களில் எங்கும் இல்லை. எம்மா என்பது ஓர் ஆள் அன்று, ஒருவர் சிக்கிக்கொள்ளும் இடம் என்று வெர்னனே பின்னாளில் விளக்கம் தந்திருக்கிறார். அந்த இடத்துக்கு நிலமும் பொழுதும் உண்டு. பிரிவைப் பேசும் பாலை என்றதும் நமக்கு வெயிலும் கள்ளியுமே நினைவுக்கு வருகின்றன, ஆனால் அத்திணைக்கு வேனிலோடு பின்பனிக் காலமும் உரியது. அதனால்தானோ என்னவோ, பனிப்பொழிவையே பார்த்திராத, மார்கழி விடியலில் காதைத் துண்டால் மூடிக்கொண்டு கடற்கரைச் சாலையில் நடக்கும் ஊர்க்காரனுக்கும் இது அந்நியமாகப் படவில்லை.

பலருக்கும் தெரிந்த பாடல் 'ஸ்கின்னி லவ்'. கித்தாரும் கால் தட்டும் ஓசையும் கோபம் கலந்த குரலுமாக, தொகுப்பில் வெளிப்படையாகச் சண்டையிடும் பாடல் அது ஒன்றுதான். எனக்கு அதைவிடப் பெரியது 'த வுல்வ்ஸ்'. முணுமுணுப்பாகத் தொடங்கி, ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லி, ஒவ்வொரு முறையும் ஒரு குரலைக் கூட்டிக்கொண்டே போய், இறுதியில் பரணிலிருந்து பாத்திரங்கள் சரிந்து விழுவதைப் போன்ற தாள ஆரவாரத்தில் அது உடைகிறது. 'பிளைண்ட்சைடட்' தேவைக்கு மேல் நீள்கிறது. 'டீம்' பாட்டென்றே சொல்ல முடியாத இடைநிரப்பி. அதன் சீழ்க்கையை மட்டும் மன்னிக்கலாம். தலைப்புப் பாடலில் ஊதுகருவிகள் நுழையும்போது சன்னலைத் திறந்துவிட்டதுபோல் இருக்கிறது.

கடற்கரையில் கைபேசியின் ஒலிபெருக்கியில் இதைக் கேட்க வேண்டாம். மாலை 6 மணிக்கு மேல் வண்டிகள் நுழையாத சாலைதான் என்றாலும், அலையோசை குரலடுக்குகளை விழுங்கிவிடும். காதுக்குள் செருகும் கருவியோடு கடலூர்ப் பேருந்தில் சன்னலோர இருக்கை கிடைத்தால் போதும். ஓட்டுநர் தம் பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்பது மட்டும் நம் கையில் இல்லை. அரியாங்குப்பம் தாண்டிய பிறகு தொடங்கினேன். ஒற்றைக் குரலும் ஒற்றைக் கித்தாருமாக, எதையும் அடுக்க முயலாத 'ரீ: ஸ்டாக்ஸ்' என்ற கடைசிப் பாடல் வந்தபோது பேருந்து தென்பெண்ணைப் பாலத்தில் ஏறியிருந்தது. நான் இறங்க வேண்டிய மஞ்சக்குப்பத்தில் நடத்துநர் இருமுறை குரல் கொடுத்தாராம். பாடல் முடிந்தபோது திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்குள் இருந்தேன்.